ஃபிஸ்டுலா கையில் துடிக்கும் கட்டி: ரத்தநாள சர்ஜன் பதில்கள்

ஆறு வருஷமாக டயாலிசிஸ். ஊசி போடும் இடம் இரண்டும் பலாச்சுளை மாதிரி புடைத்திருக்கின்றன. வெடித்துவிடுமா டாக்டர்?

டயாலிசிஸுக்காகக் கையில் தமனியோடு சிரையை இணைத்து வைத்ததுதான் ஃபிஸ்டுலா. புடைத்திருப்பது அந்தச் சிரை. ஒரே இடத்தில் குத்திக் குத்திச் சுவர் தளர்ந்துவிடுகிறது. அங்கே குத்தினால் உங்களுக்கு வலி குறைவு, டெக்னீஷியன் தம்பிக்கும் வேலை சுலபம். அதனால் இருவருமே அந்த இடத்தை விடுவதில்லை. அளவைவிடத் தோலைக் கவனியுங்கள். மெலிந்து பளபளத்தாலோ, பொருக்கு ஆறாமல் இருந்தாலோ, ஊசி எடுத்தபின் ரத்தம் நிற்க முன்பைவிட நேரமானாலோ அன்றைக்கே காட்டுங்கள்.

அப்பாவுக்குக் கிட்னி மாற்றி 9 வருஷம். ஃபிஸ்டுலாவை அப்போதே கட்டி அடைத்துவிட்டார்கள். இப்போது முழங்கைக்கு மேலே, உள்பக்கம், எலுமிச்சை அளவில் துடிக்கும் கட்டி. விரல்கள் மரத்துப்போகின்றன. கொழுப்புக் கட்டி என்கிறார்கள்.

கொழுப்புக் கட்டி துடிக்காது தம்பி. ஊசி வைத்து உறிஞ்சிப் பார்க்க யாரையும் விடாதீர்கள். அது தமனியே வீங்கியதாக இருக்கலாம். ஃபிஸ்டுலா ஓடிய காலத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு ரத்தம் பாய்ந்து தமனி அகன்றுபோகிறது. அதைக் கட்டிய பிறகும் சிலருக்கு அகலம் குறைவதில்லை, மெல்ல வளர்கிறது. பக்கத்திலேயே நரம்பு போவதால் மரத்துப்போகும். உள்ளே உறைந்த ரத்தத்துணுக்கு பிய்ந்து இறங்கினால் விரல் நுனி நீலமாகும். அப்படி ஆனால் அந்த நிமிஷமே கிளம்புங்கள். முதலில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். சி.டி. ஆஞ்சியோ சொன்னால் மாற்றுக் கிட்னி என்பதை மறக்காமல் சொல்லுங்கள், ரத்தக்குழாய் படத்தில் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து கிட்னியைப் பாதிக்கலாம். ஆபரேஷனில் வீங்கிய பகுதியை எடுத்துவிட்டு, பெரும்பாலும் காலிலிருந்து எடுத்த சிரையை வைத்து இணைப்போம். ஸ்டென்ட் கேட்பார்கள்; மடங்கும் முழங்கைக்குப் பக்கத்தில் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு.

அப்படியானால் ஃபிஸ்டுலாவைக் கட்டியதுதான் தப்பா?

இல்லையம்மா. கட்டாதவர்களுக்கும் இது வருகிறது. ஃபிஸ்டுலா எத்தனை வருஷம் ஓடியது என்பதும் கணக்கு. மாற்றுக் கிட்னிக்காகச் சாப்பிடும் ஸ்டீராய்டுக்கும் பங்கு உண்டு என்று சந்தேகிக்கிறோம். ஃபிஸ்டுலா இதயத்துக்குச் சுமையானால் கட்டித்தான் ஆக வேண்டும். அரிதான சிக்கல்தான், ஆனால் கட்டியதோடு கையை மறந்துவிடுகிறோம், வருஷங்கள் கழித்து வருவதால் ஃபிஸ்டுலா ஞாபகமே வருவதில்லை.

அந்தக் கையில் பி.பி. பார்க்கலாமா?

வேண்டாம். இன்னொரு கை இருக்கிறதே.

வீட்டில் திடீரென்று ரத்தம் பீறிட்டால்?

துண்டைச் சுற்றாதீர்கள், உள்ளே கசிவது தெரியாது. ஓட்டையின் மேலேயே விரலை வைத்து அழுத்தி, கையைத் தூக்கிப் பிடித்து, 108-ஐ அழையுங்கள். நின்றதா என்று நடுவில் விரலை எடுத்துப் பார்க்க வேண்டாம்.