துணிக்கடையில் அகலத்தைக் கேட்டீர்களா?

கேள்வி: சிங்கப்பூரில் அரப் ஸ்திரீட், தேக்கா பக்கம் போனால் பிடித்த துணியில் இரண்டு மீட்டர் வெட்டி வாங்கி வைத்துவிடுவேன். தைக்க எடுத்தால் சிலது மிஞ்சுகிறது, சிலது போதவில்லை. என்ன தைப்பேன் என்று தெரியாமல் வாங்கும்போது எவ்வளவு வாங்குவது?

பதில்: அந்த இரண்டு மீட்டர்தான் சிக்கலே. 44 அங்குல அகலத் துணிக்கு அது பற்றாது; 58 அங்குல அகலத் துணிக்கு அதிகம். 42 அங்குல உயரம், சீட் (இடுப்புக்குக் கீழே அகன்ற பகுதி) சுற்றளவு 40, அரைக்கை உள்ள சுடிதார் டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தளர்வும் தையல் விடுப்பும் சேர்த்தால் முன்பாகம் 24 அங்குலம், பின்பாகம் 24. இரண்டும் 58 அகலத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். கீழே கை இரண்டும் அடங்கிவிடும். 1.6 மீட்டர் போதும். 44 அகலத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாகத்தான் போடமுடியும், 2.5 மீட்டர் வேண்டும். பருத்தி சுருங்க விட்ட 5 விழுக்காடும் இதில் அடக்கம். பெரிய கட்டம் போட்ட துணியென்றால் இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள். பக்கத் தையலில் கோடு சேரவேண்டுமே.

அட்டையில் 44 என்றிருந்தாலும் கரையோரம் அச்சுப் படாத வெள்ளைப் பட்டையைக் கழித்தால் 42தான் தேறும். விரித்துக் காட்டச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம், கடைக்காரருக்கு இது பழகிய வேலை.

விலை கஜத்துக்கா மீட்டருக்கா என்றும் கேளுங்கள். கஜம் 36 அங்குலம், மீட்டர் 39.37. கஜம் 6 வெள்ளி என்றால் மீட்டருக்கு 6.56 வெள்ளி ஆகிறது. பக்கத்துக் கடையில் மீட்டர் 6.50 என்றால் அதுதான் மலிவு.

கேள்வி: சுத்தக் காட்டன் என்று சொல்லி விற்றார்கள். போட்டால் வியர்த்துக் கொட்டுகிறது. திருப்பித் தரமுடியுமா?

பதில்: மனம் மாறியதற்காக வெட்டிய துணியைக் கடை திரும்ப வாங்கவேண்டியதில்லை. சொன்ன பொருள் வேறு, கொடுத்தது வேறு என்றால் கதையே வேறு. நீளவாக்கில் ஒரு நூல், குறுக்கே ஒரு நூல் உருவி, தண்ணீர்த்தொட்டிக்கு மேலே இடுக்கியில் பிடித்துத் தனித்தனியாகக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக உறையும். நீளவாக்கிலோ குறுக்கிலோ மட்டும் பாலியஸ்டர் கலந்த துணியும் உண்டு, அதனால்தான் இரண்டு நூல்.

ரசீதில் ‘காட்டன்’ என்று எழுதி வாங்கியிருந்தால் உங்கள் கை ஓங்கும். முதலில் கடையில் பேசுங்கள், பிறகு பயனீட்டாளர் சங்கம். அதற்கும் மசியாவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம், இரண்டாண்டுக்குள் போகவேண்டும். தைத்துப் போட்டுவிட்ட துணிக்கு வாதாடுவது கடினம். இனி வெட்டுமுன் கொளுத்திப் பாருங்கள்.

கேள்வி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அலமாரியில் வைத்த துணியில் மஞ்சள் புள்ளி விழுகிறது. ஏன்?

பதில்: புதுத் துணியின் கஞ்சி பூஞ்சைக்குத் தீனி, நம் ஊர் ஈரக்காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். வாங்கி வந்ததும் பருத்தியை அலசி, நன்றாகக் காயவைத்து அடுக்குங்கள். சுருங்குவதும் அப்போதே சுருங்கிவிடும். பிளாஸ்டிக் பை வேண்டாம், பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள். ஜரிகை உள்ளதை நனைக்காமல், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள். ஒவ்வொன்றிலும் அகலம், அலசியபின் நீளம் எழுதிய துண்டுச்சீட்டைக் குத்திவிட்டால், அடுத்தமுறை டேப்பைத் தேடவேண்டாம்.