ஒன்பதரை மணித்தியாலம்

அன்புள்ள ரீச்சர்,

நான் கிளிநொச்சிப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் ஐந்தரை வரை. வாசலிலேயே போனை வாங்கி லொக்கரில் வைத்துவிடுவார்கள். அலுவலகக் கணினியில் வாட்ஸ்அப், பேஸ்புக், ஜிமெயில் எதுவும் திறக்காது. ஆறாம் வகுப்பிலிருந்து ஏ.எல். வரை என் பக்கத்துக் கதிரையில் இருந்தவள் மூன்று வருடத்துக்கு முன் ரொறன்ரோ போய்விட்டாள். நான் வீட்டுக்கு வந்து ஆறரைக்குப் போனை எடுத்தால் அங்கே காலை ஒன்பது, அவள் வேலையில் இருப்பாள். அவள் வீடு திரும்பும்போது இங்கே விடியப்புறம் மூன்றரை. இப்போது எங்களுக்குள் 'சாப்பிட்டியா'வும் ஓர் இதயப் படமும்தான் மிச்சம். இரவில் அவளுடைய ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு, டிக்டொக் பார்த்தபடியே நித்திரையாகிவிடுகிறேன். கூட வேலை செய்யும் தம்பி ஒருவர் பென் டிரைவில் விபிஎன், அதாவது இந்தத் தடையைத் தாண்டிப் போகிற மென்பொருள், கொண்டுவந்து போட்டுத் தருகிறேன் என்கிறார். போடலாமா? இல்லாவிட்டால் வேறு வேலை தேடட்டுமா? பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் பார்க்காமலே நண்பர்களாக இருந்தார்கள் என்று படித்தோமே, எங்களால் ஏன் முடியவில்லை? என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புள்ள பிள்ளை,

உம்முடைய கடிதம் வந்த அதே கிழமை கனடாவிலிருந்து எனக்கு ஒரு தடித்த உறை வந்திருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அது என் மேசையில் கிடந்திராவிட்டால் உமக்கு நாலு வரியில் பதில் போட்டிருப்பேன்.

விபிஎன் போடாதேயும். அந்தக் கணினி தொழிற்சாலையுடையது. எந்தக் கணினி எந்த முகவரியோடு எவ்வளவு நேரம் தொடர்பில் இருந்தது என்பதை அவர்களுடைய வலையமைப்பு பதிந்து வைக்கும். விபிஎன், நீர் என்ன எழுதுகிறீர் என்பதை மறைக்கும். விபிஎன் ஓடுவதை மறைக்காது. அதுவும் வெளியிலிருந்து வந்த பென் டிரைவ்! அதில் வைரஸ் வந்து சம்பளக் கணக்கெல்லாம் பூட்டுப்பட்டால் அந்தத் தம்பி முன்னுக்கு வந்து நிற்பாரா? வாசலில் போனை வாங்கி வைப்பதற்கும் காரணம் இருக்கும். அடுத்த வருடம் கடைக்கு வரப்போகிற உடுப்பின் படம் இன்றைக்கே வெளியே போனால் ஓடரே போய்விடும். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் அரசாங்கம் நாடு முழுக்க பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் அடைத்தபோது நானும்தான் விபிஎன் போட்டேன், அயலில் உள்ளவர்களுக்கும் போட்டுக் கொடுத்தேன். நாட்டின் வாயைக் கட்டுவது வேறு, தொழிற்சாலை தன் மெஷினைப் பூட்டுவது வேறு.

வேலையையும் விடாதேயும். எங்கள் பக்கத்தில் மாதம் முடியச் சம்பளம் வருகிற வேலை கிடைக்க எவ்வளவு பாடு என்று உமக்கே தெரியும். பிசிராந்தையாரை விட்டுவிடுவோம். அவர் சோழனோடு பழகியதே இல்லை. ஒரே சாப்பாட்டுப் பெட்டியில் எட்டு வருடம் பங்கு போட்டுச் சாப்பிட்டவளைப் பிரிந்திருப்பது வேறு வலி.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன், கோபம் வந்தாலும் வாசியும். உங்கள் இருவரையும் பிரித்தது அந்தத் தொழிற்சாலையின் பூட்டு என்று நான் நம்பவில்லை. எட்டிலிருந்து ஐந்தரை வரை ஒன்பதரை மணித்தியாலம். கோடையில் ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் உள்ள வித்தியாசமும் அதே ஒன்பதரை. இரண்டையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர். மிச்சமுள்ள பதினாலரை மணித்தியாலத்தில் அவளுக்கு என்ன எழுதினீர்? 'சாப்பிட்டியா'. அந்தக் கேள்வியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எங்கள் ஊரில் அதைக் கேட்கவே பயந்த காலம் இருந்தது. ஆனால் பதில் தெரிந்த கேள்வியை மூன்று வருடம் கேட்டுக்கொண்டிருந்தால், கேட்கிறவளுக்கும் அலுக்கும், சொல்கிறவளுக்கும் அலுக்கும். ஸ்டேட்டஸைப் பார்ப்பது, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுப் படலையைத் திறக்காமல் போவது போலத்தான்.

என்னுடைய சிநேகிதி 1996 தை மாதம் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கனடா போனாள். நான் அப்போது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் நின்றுவிட்டேன். ரெலிபோன் இல்லை. மின்சாரம் இல்லை. பற்றரிக்குத் தடை, ஆகவே ரேடியோ கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றுவோம். மண்ணெண்ணெய் விற்ற விலையில் ஜாம் போத்தல் விளக்கின் திரியை நூலாக்கி, அந்த வெளிச்சத்தில்தான் எழுதுவேன். எழுதியதை வவுனியாவுக்குப் பாஸ் கிடைத்துப் போகிற யாராவது கொண்டுபோக வேண்டும். 1997 மே மாதம் இராணுவத்தின் ஜயசிக்குறு நடவடிக்கை தொடங்கிய பிறகு அதுவும் நிச்சயமில்லை. என் கடிதங்கள் மூன்று மாதமெல்லாம் வழியில் கிடந்திருக்கின்றன. உம்முடைய சிநேகிதியின் போன் அணைந்து கிடந்தாலும் வாட்ஸ்அப் உம்முடைய செய்தியை 30 நாள் வைத்திருந்து கொடுக்கும். அவ்வளவு வசதியில் இருக்கிறீர்.

ஒருமுறை செஞ்சிலுவைச் சங்கப் படிவத்தில் எழுதினேன். அந்தப் படிவத்தில் குடும்பச் செய்தி மட்டும்தான் எழுதலாம். உறை ஒட்ட முடியாது, வழியில் யாரும் வாசிக்கலாம். இரண்டாம் உலகப் போரில் இருபத்தைந்து சொல்லுக்குள் எழுத வேண்டியிருந்ததாம், எங்களுக்கு அவ்வளவு நெருக்கடி இல்லை. உறவுமுறை கேட்ட இடத்தில் 'சகோதரி' என்று எழுதினேன். அது பொய், அதற்காக நான் இன்றுவரை வருந்தியதில்லை. ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று தங்கவில்லை என்று எழுதினேன். அம்மா இப்போது பங்கருக்குள் இறங்க மறுக்கிறா என்று எழுத முடியாது, ஆகவே 'அம்மா விறாந்தையிலேயே படுக்கிறா' என்று எழுதினேன். அவளுக்கு அது விளங்கியது. பதிலில் விறாந்தையைப் பற்றி மட்டும்தான் கேட்டிருந்தாள்.

2002 இல், சண்டை நின்றபோது, வன்னிக்கூடாக யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை திறந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வவுனியாவில் ஒரு கொமினிகேசன் கடைக்கு, காசு கொடுத்துப் போன் கதைக்கிற கடைக்கு, கோல் எடுக்கிறேன், வந்து நில் என்று எழுதியிருந்தாள். ஆறு வருடத்துக்குப் பிறகு அவளுடைய குரல். பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு, விடிய முன்னமே வெளிக்கிட்டு, ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, கடைக்குள் ஏறும்போது என் மணிக்கூட்டில் சரியாகப் பத்து. கடைச் சுவரிலிருந்த மணிக்கூட்டில் பத்தரை.

இதை உமக்கு விளக்க வேண்டும், நீர் அப்போது பிறந்தே இருக்கமாட்டீர். 1996 இல் அரசாங்கம் நாட்டின் நேரத்தை மாற்றியது. முதலில் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, பிறகு அரை மணித்தியாலமாகக் குறைத்தது. வன்னியில் நாங்கள் பழைய நேரத்திலேயே இருந்தோம். 2006 ஏப்ரலில் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பும் வரை ஓமந்தைக்கு அந்தப் பக்கம் புதிய நேரம், இந்தப் பக்கம் பழைய நேரம். இதை மறந்து நான் போகவில்லை. அவள் நாட்டை விட்டுப் போனபோது இருந்தது பழைய நேரம், ஆகவே அவள் சொன்னது பழைய பத்து என்று கணக்குப் போட்டேன். அவளோ கொழும்பில் இருந்த ஆட்களிடம் கேட்டு, புதிய நேரத்தில் எடுத்திருக்கிறாள்.

"மூன்று தரம் எடுத்தவா தங்கச்சி. இப்பத்தான் வைச்சவா" என்றார் கடைக்காரர்.

அங்கே நடுச்சாமம். விடிய ஐந்து மணிக்கு அவளுக்குத் தொழிற்சாலையில் வேலை. திரும்பிக் கூப்பிட என் கையில் பஸ் காசுக்கு மேலே இருக்கவில்லை. கடைக்காரர் பாவப்பட்டு வாங்கில் இருக்கச் சொன்னார். பாதை மூடுவதற்கு முன் திரும்ப வேண்டும். பக்கத்துக் கடையில் ஓர் 80 பக்கக் கொப்பி வாங்கி, அந்த வாங்கிலேயே எழுதத் தொடங்கினேன். போனில் என்ன கதைத்திருப்போம்? "எப்படி இருக்கிறாய், அம்மா எப்படி" என்று கேட்டு, பிறகு இருவரும் அழுது, காசு ஓடுகிறது என்று வைத்திருப்போம். அன்றைக்கு நான் பதினொரு பக்கம் எழுதினேன். அம்மா எப்படிச் செத்தா என்பதை, அதுவரை யாருக்கும் சொல்லாத மாதிரி, ஒழுங்காக, முதலிலிருந்து கடைசி வரை எழுதினேன். எங்கள் கிணற்றடியில் நின்ற கமுகு முறிந்ததை எழுதினேன். அவளில் எனக்கிருந்த கோபத்தையும் எழுதினேன், விட்டுவிட்டுப் போய்விட்டாயே என்று. தபாலகத்தில் முத்திரை ஒட்டிப் போட்டுவிட்டு, பஸ் ஏறினேன்.

அவள் எனக்கு எழுதியவை எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் ரின்னில் வைத்திருந்தேன். 2009 இல், போரின் கடைசி மாதங்களில், அந்த ரின்னோடு விசுவமடு, தேவிபுரம் என்று போனேன். மாத்தளன் மணலில் ஒரு பங்கருக்குள் அது நின்றுவிட்டது. பிள்ளையைத் தூக்குவதா ரின்னைத் தூக்குவதா என்று யோசிக்கவும் நேரமில்லை. செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்தபோது என்னிடம் ஒரு படமும் இல்லை, ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. வன்னியில் எத்தனையோ வீடுகளில் இப்போது சுவரில் தொங்கும் கல்யாணப் படம் வெளிநாட்டில் இருந்த சொந்தக்காரர் திருப்பி அனுப்பியது. உம்முடைய வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும், அம்மாவிடம் கேட்டுப் பாரும்.

மேசையில் இருக்கும் உறை இதுதான்: 1996 முதல் 2006 வரை நான் அவளுக்கு எழுதிய கடிதங்களின் போட்டோ பிரதிகள். மூலத்தைத் தரமாட்டாளாம். என் அம்மாவின் கடைசி நாட்கள் எனக்கே மங்கிப்போய்விட்டன. அந்தப் பதினொரு பக்கத்தில் அவ கேட்ட கஞ்சியின் சூடுகூட இருக்கிறது. நான் எழுதியதை நானே முதல் தடவையாக வாசிப்பதுபோல இரண்டு நாள் இருந்து வாசித்தேன். முதல் பக்கத்தின் மேல் மூலையில் அவள் பென்சிலால் 12.00, 12.10, 12.20 என்று குறித்திருக்கிறாள்.

இப்போது உமக்குப் புரிந்திருக்கும், நான் ஏன் 'சாப்பிட்டியா'வில் இவ்வளவு கோபப்பட்டேன் என்று. மூன்று வருடத்தில் உமக்கு எவ்வளவு நடந்திருக்கும். முதல் சம்பளம், வீட்டுச் சண்டை, கல்யாணப் பேச்சு. ஒன்றுமே அவளிடம் போய்ச் சேரவில்லை. அவளுக்கு அங்கே முதல் பனிக்காலம் எப்படிப் போனது என்று உமக்குத் தெரியுமா? ஒரே நேரத்தில் இருவரும் விழித்திருந்தால்தான் சிநேகிதம் என்று யார் உமக்குச் சொன்னது? இரவு ஒன்பதரைக்கு அங்கே மத்தியானம் பன்னிரண்டு, அவளுக்குச் சாப்பாட்டு நேரம். கார்த்திகை மாதத்தில் அங்கே மணிக்கூட்டைப் பின்னுக்கு வைத்த பிறகு பத்தரைக்கு. குரல் கேட்க வேண்டுமென்றால் கிழமைக்கு ஒருநாள் அந்த நேரத்துக்கு எடும். ஆனால் அதை நம்பி இருக்காதேயும். எழுதும்.

தொழிற்சாலை வாசலில் போனைத்தான் வாங்குகிறார்கள், கொப்பியை வாங்குவதாக நீர் எழுதவில்லை. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிடம் எழுதும். வீட்டுக்கு வந்து பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பும். மாதம் முடிய அந்தக் கடதாசிகளை உறையில் போட்டு அவளுடைய வீட்டு முகவரிக்குத் தபாலிலும் அனுப்பும், அவளையும் அப்படியே செய்யச் சொல்லும். மூன்று வருடமாக அவளுடைய வீட்டு இலக்கமும் தெருப் பெயரும் உமக்குத் தெரியாமல் இருந்தால், இன்றைக்கு இரவே கேளும்.

முதல் கடிதத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனையோடு இருப்பீர். இப்போது உம்முடைய பக்கத்துக் கதிரையில் யார் இருக்கிறார் என்று எழுதும்.