லட்சம் கோடிக்குள் வராதவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உலக மனநல நாளுக்காக எங்கள் அலுவலகத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கையில் கொடுத்த குறிப்பின் முதல் வரியே, மனச்சோர்வாலும் பதற்ற நோயாலும் உலகப் பொருளாதாரம் ஆண்டுக்கு ஒரு லட்சம் கோடி டாலர் இழக்கிறது என்பதுதான். எனக்கு அதைச் சொல்லக் கூசுகிறது.

என் அண்ணனுக்கு மனச்சிதைவு. 22 வயதில் வந்தது, இப்போது 50ஐ நெருங்குகிறார். வேலைக்கே போனதில்லை. முன்பு அம்மா பார்த்துக்கொண்டார், இப்போது அக்கா. அந்த லட்சம் கோடியில் அண்ணன் எங்கே இருக்கிறார்? அவருக்கு வைத்தியம் செய்வதால் நாட்டுக்கு என்ன லாபம் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? நோயைப் பணக்கணக்காகப் பேசுவதே தவறு என்று படுகிறது.

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் கணக்குப் போட்டவர்கள் மேல் கோபப்பட வேண்டாம். கணக்கே இல்லாத காலம் இதைவிட மோசம்.

நெடுங்காலமாக நாடுகள் தம் மக்களின் ஆரோக்கியத்தை அளந்தது சாவை எண்ணித்தான். காலரா, பெரியம்மை, பிரசவ மரணம் எல்லாம் பட்டியலில் ஏறின. மனநோயின் பெயர் இறப்புச் சான்றிதழில் வருவது அபூர்வம். அதனால் சுகாதாரத் திட்டம் தீட்டியவர்கள் கண்ணில் அது படவில்லை. 1990களில் கிறிஸ்டோபர் மர்ரே, ஆலன் லோபஸ் என்ற இரு ஆய்வாளர்கள் உலக நோய்ச்சுமையைக் கணக்கிட்டபோது, அகால மரணத்தால் போன ஆண்டுகளோடு நோயில் முடங்கிக் கழித்த ஆண்டுகளையும் சேர்த்துக் கூட்டினார்கள். அப்படிக் கூட்டியதில் 1990ஆம் ஆண்டின் உலக நோய்ச்சுமையில் மனச்சோர்வு நான்காம் இடத்தில் வந்து நின்றது. துயரத்தைச் சொன்னால் காதில் வாங்காதவர்கள் தொகையைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருகிறார்கள். என்ன செய்ய!

உட்கார்ந்தார்களே தவிர, பையைத் திறக்கவில்லை. 2019 நிலவரப்படி உலகில் 8 பேரில் ஒருவர் ஏதோ ஒரு மனநலக் கோளாறோடு வாழ்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரசுகள் சுகாதாரத்துக்கு எடுத்துவைக்கும் பணத்தில் மனநலத்துக்குப் போவதோ 2 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது.

இனி உங்கள் கேள்வி. அந்த லட்சம் கோடி, ஆண்டுக்கு 1200 கோடி வேலைநாட்கள் வீணாவதை வைத்துச் சொல்லப்படுவது. மனச்சோர்வும் பதற்ற நோயும் மட்டுமே அதில் அடக்கம். உங்கள் அண்ணன் அதில் இல்லை. உங்கள் அக்காவும் இல்லை. எனக்கு உறுத்துவது இரண்டாவதுதான். மாத்திரை கொடுத்து, விழுங்கினாரா என்று பார்த்து, இரவில் கதவுச் சத்தத்துக்கு விழித்துக்கொண்டு, தன் வேலையையும் கல்யாணத்தையும் தள்ளிப்போட்டவர்களின் ஆண்டுகளை எந்த நாட்டின் வரவுசெலவிலும் நான் பார்த்ததில்லை. அதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை, அதனால் இழப்பாகவும் தெரிவதில்லை.

ஒரு தேசம் இந்தச் சுமையிலிருந்து நழுவும் விதத்தை இரண்டு நாடுகளின் கதையில் பார்க்கலாம். இத்தாலியில் பிராங்கோ பசாலியா என்ற மனநல மருத்துவர், நோயாளிகளைப் பூட்டிவைப்பது வைத்தியம் அல்ல என்று போராடினார். 1978இல் வந்த 180ஆம் எண் சட்டம், பழைய மனநல மருத்துவமனைகளில் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது என்றது. அவர் வேலை செய்த திரியெஸ்தே நகரில் இரவும் பகலும் திறந்திருக்கும் சிறு மனநல மையங்கள் வந்தன. சில படுக்கைகள், தெரிந்த முகங்கள், வீட்டுக்கு வந்து பார்க்கும் ஊழியர்கள். அங்கே சட்டம் பலித்தது. மையங்கள் வரத் தாமதமான பகுதிகளில் நோயாளி நேராக வீட்டுக்குத்தான் போனார். சட்டத்தைத் திருத்தச் சொல்லி குடும்பத்தினரே சங்கம் வைத்துப் போராடினார்கள்.

அமெரிக்காவில் 1963இல் ஜான் கென்னடி கையெழுத்திட்ட சட்டம் சமூக மனநல மையங்களுக்கு வழிசெய்தது. 1500 மையங்கள் வருவதாக இருந்தது. ஏறக்குறைய பாதிதான் வந்தன. அரசு மனநல மருத்துவமனைகளின் படுக்கைகள் காலியானது மட்டும் நிற்கவில்லை. வெளியே வந்தவர்களில் பலர் தெருவுக்கும் சிறைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். மருத்துவமனைக் கணக்கில் அது சிக்கனம். சிறைச் செலவு வேறு துறையின் பேரேட்டில் இருக்கிறதே!

பணக்கணக்கு ஓரிடத்தில் ஆபத்தாகவும் ஆகிறது. மனச்சோர்வு, பதற்ற நோய் சிகிச்சையில் போடும் ஒரு டாலர் நான்காகத் திரும்பும் என்று 2016இல் ஒரு மதிப்பீடு வந்தது. அதை நான் நம்புகிறேன், மகிழ்கிறேன். அதையே ஒரே நியாயமாக்கினால், சீக்கிரம் வேலைக்குத் திரும்பக்கூடியவர்கள் வரிசையில் முன்னால் நிற்பார்கள், உங்கள் அண்ணன் கடைசிக்குப் போய்விடுவார். என்ன லாபம் என்று கேட்பவரிடம் லாபம் இல்லை என்றே சொல்லுங்கள். பிறவியிலேயே கண் தெரியாதவருக்குப் பள்ளி கட்டும்போது யாரும் லாபம் கேட்பதில்லை. கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள். பெரும்பாலும் இதய நோய் போன்ற உடல் நோய்களால்தான். நெஞ்சு வலிக்கிறது என்று அவர்கள் சொன்னால், அதையும் மனநோயின் பேச்சாக எடுத்துக்கொள்ளும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அண்ணனுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

கூட்டத்தில் அந்தத் தொகையைச் சொல்லுங்கள், நிர்வாகம் கவனிக்கும். கவனித்துக்கொண்டிருக்கும்போதே, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டா என்று கேட்டுவிடுங்கள். அண்ணனைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள், அக்காவிடமும் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இத்தாலியை வைத்தே அரை மணி நேரம் பேசலாம்.