யாரைத் தூக்கி நிறுத்துவது?

அன்புள்ள ஐயா,

மூழ்கும் நிதி நிறுவனங்களை அரசு ஏன் மக்கள் வரிப்பணத்தைக் கொட்டிக் காப்பாற்ற வேண்டும்? சாதாரண வியாபாரி நொடித்துப்போனால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லையே. வட்டிக்கு ஆசைப்பட்டுப் பணம் போட்டவர்களும் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். விழுவது விழட்டும் என்று விட்டால் சந்தை தானே சரியாகிவிடாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

'பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அப்போது உங்கள் மனதில் யார் முகம் இருந்தது? எனக்கு என் அப்பாவின் முகம்தான் வந்தது.

நான் கல்லூரியில் படித்த காலம். ஓய்வுபெற்றபோது கையில் வந்ததை அப்பா ஒரு நிதி நிறுவனத்தில் போட்டிருந்தார். ஒருநாள் காலையில் போனால் ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது, அதன்மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பின்னால் படிக்கத் தெரியாத இரண்டு அம்மாக்கள் நின்றார்கள். அவர்களுக்காக அப்பா அதை நிறுத்தி நிறுத்தி உரக்கப் படித்தார். முடித்ததும் தன் டெபாசிட் ரசீதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு 'வா, போகலாம்' என்றார், அவ்வளவுதான். ஆடிட்டரே கையெழுத்துப் போட்டு எல்லாம் சரி என்று சொன்ன கணக்கில் அவர் எந்த ஓட்டையைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்? சொல்லுங்கள்.

சந்தை தானே சரியாகும் என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. 2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி விழுந்தது, யாரும் கை கொடுக்கவில்லை. மறுநாளே ஏஐஜி என்ற காப்பீட்டு நிறுவனத்துக்கு அந்நாட்டு மத்திய வங்கி 8,500 கோடி டாலர் கடன் அறிவித்தது. விட்டுப் பார்க்கும் துணிச்சல் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. வியாபாரி நொடித்தால் ஒரு கடை மூடும், வங்கி நொடித்தால் அதில் கணக்கு வைத்திருக்கும் நூறு கடைகளில் சம்பளம் நின்றுபோகும். இது உங்களுக்குத் தெரியாததல்ல.

நான் பல வருடமாகக் கத்திக்கொண்டிருப்பது வேறு விஷயம். காப்பாற்று, ஆனால் யாரை? அந்த ஏஐஜி-யைக் கவிழ்த்ததே அதன் ஒரு பிரிவுதான். அதே பிரிவில் இருந்தவர்களுக்கு 2009 மார்ச்சில் சுமார் 16.5 கோடி டாலர் போனஸ் போனது, அரசுப் பணத்தில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தபோதே. ஒப்பந்தம் இருக்கிறது, மீற முடியாது என்றார்கள். ஊழியர் ஓய்வூதியத்தை வெட்டும்போது மட்டும் எந்த ஒப்பந்தமும் குறுக்கே வருவதில்லை. அயர்லாந்து 2008-இல் வங்கிகளில் டெபாசிட் போட்டவர்களோடு நிற்காமல், அவற்றுக்குப் பெரும் கடன் கொடுத்த முதலீட்டாளர்களுக்கும் சேர்த்து உத்தரவாதம் கொடுத்தது. இரண்டே வருடத்தில் நாடே 8,500 கோடி யூரோ மீட்புத் திட்டத்துக்குள் போய் விழுந்தது, சம்பளமும் உதவித்தொகையும் வெட்டுப்பட்டன.

வேறு மாதிரி செய்ய முடியாதா? செய்திருக்கிறார்களே! 1992-இல் சுவீடனில் கோட்டா வங்கியை அரசு எடுத்துக்கொண்டபோது பழைய பங்குதாரர்கள் வெறுங்கையோடு போனார்கள். 2023 மார்ச்சில் அமெரிக்காவில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோது டெபாசிட் முழுவதும் காப்பாற்றப்பட்டது, பங்கு வைத்திருந்தவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை, நிர்வாகிகள் வெளியேற்றப்பட்டார்கள். நான் கேட்பது இந்த வரிசை மட்டும்தான். முதலில் முதலாளியின் முதல் போகட்டும், அப்புறம் அவர் வைத்த மேலாளர்களின் நாற்காலி, அதற்கும் பிறகுதான் ஊரார் பணத்தில் கை வைக்க வேண்டும். ஏஐஜி-யில் போட்ட பணம் லாபத்தோடு திரும்பியது என்பார்கள். திரும்பியது, சரி. அதனால் அந்த போனஸ் நியாயமாகிவிடாது.

அப்பா இறந்தபின் பீரோவை ஒழித்தபோது அந்த ரசீது கிடைத்தது, மடிப்பில் கிழிந்து நான்கு துண்டாகப் போகும் நிலையில். பின்பக்கம் பென்சிலில் மாத வட்டியைக் கூட்டிக் கூட்டி எழுதியிருந்தார். கடைசிக் கூட்டலுக்குப் பக்கத்தில் என் கல்லூரிக் கட்டணம்.

நீங்கள் நல்ல மனதுக்காரர், கோபமும் நியாயமானதுதான். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.