மோன் சேன் மிஷெல் மடத்துக் கோயில் ஆயிரம் வருடமாக எப்படி விழாமல் நிற்கிறது?

விழாமல் எங்கே நின்றது? இடிந்திருக்கிறது, எரிந்திருக்கிறது, ஒரு பகுதியை மடத்துக்காரர்களே இடித்தும் இருக்கிறார்கள். இன்று நாம் பார்ப்பது வெவ்வேறு காலத்தில் ஒட்டுப்போட்ட கட்டடம்.

மோன் சேன் மிஷெல் என்பது பிரான்சின் நார்மண்டிக் கடலோரத்தில் இருக்கும் கருங்கல் பாறைத் தீவு. அதன் உச்சியில்தான் இந்தக் கிறிஸ்தவ மடம். மிக்கேல் என்ற சம்மனசு (தேவதூதர்) கனவில் வந்து கோயில் கட்டச் சொல்லியும் அவ்ராஞ்ச் ஊர் ஆயர் ஓபேர் அசையவில்லையாம். மூன்றாம் தடவை மண்டையில் விரலால் ஒரு அழுத்து. அதற்கப்புறம்தான் 708இல் வேலை தொடங்கியது என்பது கதை. ஓட்டை விழுந்த மண்டையோடு ஒன்றை அவ்ராஞ்ச் கோயிலில் இன்றும் வைத்திருக்கிறார்கள். 966இல் பெனடிக்ட் சபைத் துறவிகள் வந்தார்கள். 1023 வாக்கில் இப்போதுள்ள பெரிய கோயிலுக்கு வேலை ஆரம்பித்தது.

சிக்கல் அங்கேதான். பாறை மோதகம் போல மேலே போகப் போகக் குறுகும். கோயிலோ சிலுவை வடிவம். அந்தச் சிலுவையின் நடு மட்டும்தான் பாறை நுனியில் உட்கார்ந்திருக்கிறது. நான்கு கையும் அந்தரத்தில் நீளும். அவற்றைத் தாங்கக் கீழே நிலவறைகள் கட்டினார்கள். மேற்குப் பக்கம் ஏற்கெனவே இருந்த பத்தாம் நூற்றாண்டுச் சிறு கோயிலையே முட்டுக்கட்டையாக்கிவிட்டார்கள். மோதக நுனியில் தாம்பாளத்தை வைத்துச் சுற்றிலும் முட்டுக் கொடுத்த கதை.

முட்டு எல்லா இடத்திலும் தாங்கவில்லை. 1103இல் கோயிலின் வடக்குச் சுவர் சரிந்து, துறவிகளின் கட்டடத்தின் மேலேயே விழுந்தது. 1421இல் பீடப் பகுதி இடிந்தது. பிரான்சும் இங்கிலாந்தும் மோதிய நூறாண்டுப் போர் நடந்த சமயம், சுற்றிலும் ஆங்கிலேயப் படை. யார் கல் கொண்டுவருவது? திரும்பக் கட்டி முடிக்க 1521 ஆகிவிட்டது. சரியாக நூறு வருடம்!

ஆனால் இந்தத் தடவை பாடம் படித்திருந்தார்கள். புதிய பீடத்துக்கு அடியில் உள்ள நிலவறைத் தூண் ஒன்றை என் சித்தப்பா கட்டிப்பிடித்துப் பார்த்தார். பாதிகூட எட்டவில்லை. சுற்றளவு ஏறக்குறைய ஐந்து மீட்டர். "மேலே இருக்கிறதைவிட இதுதான்டா கோயில்" என்றார். நாற்பது வருடம் கட்டட வேலை பார்த்தவர், அவருக்குத் தெரியும்.

வடக்குச் சரிவில் 1211 முதல் 1228க்குள் எழுப்பிய மூன்றடுக்குக் கட்டடத்திலும் அதே கணக்குதான். அடியில் தடித்த சுவரோடு சரக்கறை, உச்சியில் மெல்லிய தூண்களோடு திறந்த முற்றம். எனக்கு மொத்தத் தீவிலும் பிடித்த இடம் அந்த முற்றம்தான்.

பிரெஞ்சுப் புரட்சியில் துறவிகளை விரட்டிவிட்டு மடத்தைச் சிறைச்சாலை ஆக்கினார்கள். கோயிலுக்குள்ளேயே கைதிகள் வைக்கோல் தொப்பி பின்னினார்கள், 1834இல் அதுவும் தீப்பிடித்தது. கைதிகள் உள்ளே நின்று நடந்து சுற்றிச் சாமான் இழுத்த பெரிய மரச்சக்கரத்தின் மாதிரி ஒன்று இன்னும் அங்கே இருக்கிறது. கேட்கக் கொடுமைதான். ஆனாலும் சிறையாக இருந்ததால்தான் கட்டடம் பிழைத்தது என்று நினைக்கிறேன். பிரான்சின் இன்னொரு பெரிய மடமான க்ளூனிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, பெயர்த்துக் கல்லாக விற்றுவிட்டார்கள். 1863இல் சிறையை மூடிய பிறகுதான் பழுதுபார்ப்பு வந்தது. படங்களில் எல்லாரும் ரசிக்கும் அந்தக் கூர்க்கோபுரம் 1897இல் முடிந்தது. நடுக்காலத்துச் சமாச்சாரமே இல்லை!

போனால் கோயில் வாசலுக்கு வெளியே உள்ள மேற்கு மாடியில் குனிந்து தரையைப் பாருங்கள். கோயில் ஒரு காலத்தில் அதுவரை நீண்டிருந்தது. 1776 தீ விபத்துக்குப் பிறகு முன்பக்கத்தில் தூணுக்குத் தூண் இடைப்பட்ட மூன்று பகுதியை இடித்துவிட்டு, புதிதாக ஒரு முகப்பை ஒட்டினார்கள். அங்கே பாவிய கற்களில் எண்ணும் எழுத்தும் வெட்டியிருக்கும். கொத்தனார்கள் போட்ட அடையாளம் அது. எல்லாரும் கடலைப் படமெடுத்துக்கொண்டிருக்க, சித்தப்பா அரைமணி நேரம் அந்தக் கற்களைத்தான் படமெடுத்தார்.