எண்ணெய்ப்பனையில் காய் பிடிக்கவில்லை, வாசனை டானிக் அடிக்கலாமா?

கேள்வி: லால்குடி பக்கம் நாலு ஏக்கர் எண்ணெய்ப்பனை, ஐந்து வருட மரம், சொட்டுநீர். பாளை நன்றாகத்தான் வருகிறது. ஆனால் குலையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் காய், மற்றதெல்லாம் வெறும் முள். சில குலை பாதியிலேயே அழுகிவிடுகிறது. மகரந்தச் சேர்க்கைக்குப் பூச்சிகளை இழுக்கும் என்று மருந்துக்கடையில் ஒரு வாசனை டானிக் தருகிறார்கள், அடிக்கலாமா? பூவில் சின்ன வண்டுகள் மொய்த்ததால் இரண்டு தடவை பூச்சிமருந்து அடித்தேன், காய்ந்த ஆண் பாளைகளையும் வெட்டி எரித்துவிட்டேன். தோட்டம் சுத்தமாக இருக்கிறது.

பதில்: டானிக் வேண்டாம். ஆனால் ஐயா, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது அந்த வண்டைப் பற்றி. போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பூவில் மொய்த்த, அரிசிமணியைவிடச் சிறிய அந்தப் பழுப்பு நிறக் கூன்வண்டுதான் உங்கள் மரத்துக்குக் காய் பிடிக்க வைக்கிற ஆள். இதன் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. மலேசியாவில் ஒரு காலத்தில் காற்றே போதும் என்று நம்பி, காய் பிடிக்காமல், கூலி ஆள் வைத்துப் பாளை பாளையாக மகரந்தம் தூவிக்கொண்டிருந்தார்கள். 1981-ல் கேமரூனிலிருந்து இந்த வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அந்த வேலை ஒழிந்தது. 1985-ல் கேரளத்துக்கும் வந்தது. அவ்வளவு தூரம் கொண்டுவந்ததை நீங்கள் இரண்டே தெளிப்பில் தீர்த்திருக்கிறீர்கள். கடைக்காரரைக் கேட்டிருந்தால் அவரும் அடி என்றுதான் சொல்லியிருப்பார். இந்த வண்டும் தென்னையைத் துளைக்கிற சிவப்புக் கூன்வண்டும் அவருக்கு ஒன்றுதான், இரண்டுக்கும் ஒரே பாட்டில்.

இப்போது வாசனைக்கு வருகிறேன். ஆண் பாளை விரியும்போது பக்கத்தில் போய் நின்று பாருங்கள், சோம்பு மணம் தூக்கலாக வரும். எஸ்ட்ரகோல் என்ற பொருள் அது. வண்டு அதை மோப்பம் பிடித்து வந்து, அங்கேயே தின்று, இணைசேர்ந்து, முட்டையும் வைக்கும், உடம்பெல்லாம் மகரந்தம். பெண் பாளை பக்குவமான ஓரிரண்டு நாளில் அதே மணத்தைக் கொஞ்சம் மட்டாக விடும். ஆண் பூ என்று ஏமாந்து வண்டு அங்கே போகும், தின்ன ஒன்றும் இருக்காது, மகரந்தத்தை உதிர்த்துவிட்டு திரும்பிவிடும். முழு வியாபாரமும் இந்த ஏமாற்றில்தான் நடக்கிறது. மரமே தேவையான நேரத்தில் தேவையான பாளையில் மணம் விடும்போது, தோப்பு முழுக்க வாசனைத் தண்ணீர் அடித்தால் வண்டு எந்தப் பாளையைத் தேடிப் போகும்? அதுவும் தோப்பில் வண்டே இல்லாதபோது! குருத்தைக் குடைகிற காண்டாமிருக வண்டைப் பிடிக்க வைக்கிற இனக்கவர்ச்சிப் பொறி வேறு சங்கதி, அதற்கு வேலை இருக்கிறது, வையுங்கள். இந்த டானிக்கை அதோடு சேர்த்துப் பேசுகிறவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

அப்புறம் அந்தக் காய்ந்த ஆண் பாளை. எந்தத் தோப்புக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பூத்து முடிந்து கருத்துத் தொங்குகிறதே, அதற்குள்தான் வண்டின் புழு வளர்கிறது. முட்டையிலிருந்து வண்டாக சுமார் இரண்டு வாரம் ஆகும். அதை வெட்டி எரித்தால் அடுத்த தலைமுறையையே எரித்ததாகிறது. தோட்டம் சுத்தமாக இருக்கிறது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள், அந்தச் சுத்தம்தான் வினை. அறுவடைக்குக் குறுக்கே வருகிற மட்டையை வெட்டுங்கள், ஆண் பாளை மக்கித் தானாக விழட்டும்.

இனி, பூக்கிற பாளை மேல் எந்த மருந்தும் படக்கூடாது. காண்டாமிருக வண்டு குருத்தில் இருந்தால் கம்பியால் குத்தி எடுங்கள். பக்கத்தில் நோயில்லாத பழைய தோப்பு இருந்தால், வண்டு மொய்க்கிற ஆண் பாளைகளைக் கேட்டு வாங்கி, சாக்கில் போட்டுக் கொண்டுவந்து உங்கள் தோப்பில் நாலைந்து இடத்தில் வையுங்கள். ஒரு தடவையோடு நிறுத்தாமல் சில வாரம் தொடருங்கள். அதுவரை பக்குவமான பெண் பாளைகளுக்குக் கையால் மகரந்தம் தூவலாம், முகப்பவுடரில் அல்ல, வாசனை சேர்க்காத டால்க்கில் கலந்து.

இன்னொன்று: இளமரம், தண்ணீரும் நிறைய என்றால் பெண் பாளையே அதிகம் வரும், ஆண் பாளை குறையும். உங்கள் நாலு ஏக்கரில் இன்றைக்கு எத்தனை ஆண் பாளை விரிந்திருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். இப்போது அழுகுகிற குலைகளை ஒன்றும் செய்ய முடியாது. இன்று சேர்க்கை நடந்த பூ பழுக்க ஐந்தாறு மாதமாகும், அதற்குள் உரத்தை மாற்று, போரான் சத்தைக் கொட்டு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.