கிரீஸ் நாட்டோட க்ரீட் தீவுல எதைப் பாக்கலாம், எதை விடலாம்? உங்க கேள்விகளும் என் பதிலும்

கேள்வி: சான்டோரினி தீவை முடிச்சிட்டு ஃபெரில க்ரீட் வர்றோம், கையில 4 நாள், தீவு முழுக்க சுத்திடலாமா?

வேணாங்க. மேப்ல சின்னதா தெரியும், ஆனா நீளம் மட்டும் சுமார் 260 கிலோமீட்டர், நடுவுல பூரா மலை. நடுவுல இருக்கற ஹெராக்லியோன் நகரத்துல இருந்து மேற்குல இருக்கற ஹன்யா நகரத்துக்கே பஸ்ல ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ஆகும். கிழக்கு, மேற்குன்னு ஏதாவது ஒரு பக்கத்தை எடுத்துக்கோங்க. என்னைக் கேட்டா மேற்கு தான்.

கேள்வி: க்னோசோஸ் அரண்மனை போட்டோ பாத்தா நேத்து பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கே, நெசமாவே பழசா?

நல்ல கேள்வி, நிறைய பேர் அங்க போய் நின்னுட்டு இதே தான் கேக்குறாங்க. இடம் 3,500 வருஷத்துக்கு மேல பழசு, அதுல சந்தேகமே இல்ல. அங்க முதல்ல தோண்டுனது மினோஸ் கலோகைரினோஸ்ங்கற உள்ளூர்க்காரர், 1878ல, பெரிய பெரிய தாழிங்க கிடைச்சுது. அப்புறம் 1900ல ஆர்தர் எவன்ஸ்ங்கற பிரிட்டிஷ் தொல்லியல் ஆய்வாளர் வந்து பெருசா தோண்டுனார், தூணெல்லாம் முதல்ல மரத்துல இருந்து அழிஞ்சு போனதால கான்கிரீட்ல திரும்பக் கட்டி சிவப்பு அடிச்சிட்டார், நீங்க போட்டோல பாக்குறது அதைத் தான். சுவத்துல இருக்கற ஓவியமும் நகல், அசல் துண்டுங்க ஹெராக்லியோன் மியூசியத்துல இருக்கு. அதனால மியூசியத்தை மட்டும் தயவுசெஞ்சு விட்றாதீங்க, காளை மேல தாவுற அந்த ஓவியத்துக்கு முன்னாடி நான் அரை மணி நேரம் நின்னுருக்கேன். 1908ல கிடைச்ச, குறியீடுங்க பதிச்ச களிமண் தகடான ஃபைஸ்டோஸ் வட்டும் அங்க தான் இருக்கு, அதுல என்ன எழுதியிருக்குன்னு இன்னும் யாராலயும் உறுதியா படிக்க முடியல. கான்கிரீட் பிடிக்கலைன்னா ஃபைஸ்டோஸ் அரண்மனைக்கே போங்க, அங்க தோண்டுன இத்தாலிக்காரங்க பெருசா எதையும் திரும்பக் கட்டாம விட்டாங்க, கூட்டமும் கம்மி, மேல நின்னா மெசாரா சமவெளி முழுசா தெரியும்.

கேள்வி: அம்மாவுக்கு 62 வயசு, சமரியா பள்ளத்தாக்கு நடக்க முடியுமா?

முழுசா நடக்குறதுன்னா 16 கிலோமீட்டர், சுமார் 1,200 மீட்டர் கீழ இறங்கணும், இறக்கம் தானேன்னு நினைக்காதீங்க, முட்டி தான் முதல்ல போகும். நடுவுல ரோடே கிடையாது, கால் பிசகுனா கழுதை மேல ஏத்திட்டு தான் வருவாங்க. ஆனா அம்மாவை விட்டுட்டும் போக வேணாம், வேற வழி இருக்கு, பள்ளத்தாக்கு முடியுற கடலோர ஊரான ஆகியா ரூமெலிக்கு ஃபெரில நேரா வந்து கீழ இருந்து மேல கொஞ்ச தூரம் நடந்தாலே 'வாசல்'னு சொல்ற குறுகலான இடம் வந்துடும், நாலு மீட்டர் அகலம் தான், ரெண்டு பக்கமும் செங்குத்தா பாறை. அதிர்ஷ்டம் இருந்தா க்ரி-க்ரி காட்டாடும் கண்ணுல படும். பொதுவா மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும் தான் திறந்திருக்கும், மழைன்னா மூடிடுவாங்க. நல்ல ஷூ போடுங்க, செருப்பு வேணவே வேணாம்.

கேள்வி: எலாஃபோனிசி கடற்கரை மணல் ரோஸ் கலராமே, கொஞ்சம் எடுத்துட்டு வரலாமா?

கூடாது, அது பாதுகாக்கப்பட்ட இடம். அந்த நிறம் குட்டி குட்டி கடல் உயிரிங்களோட ஓடு நொறுங்கி வர்றது, ஆளுக்கு ஒரு பாட்டில் எடுத்தா என்ன மிஞ்சும்? பாத்துட்டு வாங்க, காலைல சீக்கிரமா.

கேள்வி: ஸ்பினலோங்கா குட்டித் தீவு சோகமான இடம்னு சொல்றாங்க, குழந்தைங்களோட போலாமா?

போலாம். வெனிஸ்காரங்க 1579ல கட்ட ஆரம்பிச்ச கோட்டை, 1903ல இருந்து 1957 வரைக்கும் தொழுநோயாளிங்களை அங்க கொண்டு போய் வெச்சிருந்தாங்க. அவங்க அங்கயே கல்யாணம் பண்ணாங்க, கடை வெச்சாங்க, அந்தத் தெரு இன்னும் இருக்கு, குழந்தைங்களுக்கு அதையும் சொல்லுங்க. எதிர்க்கரைல இருக்கற ப்ளாகா ஊர்ல இருந்து படகுல பத்து நிமிஷம் தான். நிழல் கம்மி, தொப்பியும் தண்ணியும் கட்டாயம்.

கேள்வி: கூட்டமே இல்லாத ஒரு இடம் சொல்லுங்க?

ஹன்யா பக்கம் வூவெஸ்னு ஒரு ஊர், அங்க ஒரு ஆலிவ் மரம், கம்மியா பாத்தாலும் 2,000 வயசு இருக்கும்னு சொல்றாங்க. அடிமரம் முறுக்கிப் பிழிஞ்ச மாதிரி இருக்கும், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ்ல ஜெயிச்சவங்களுக்கு வெச்ச இலைக் கிரீடத்துக்கு இதோட கிளையையும் எடுத்தாங்க. இன்னும் காய்க்குது.